நிலமும் பொழுதும்: வாசகர் கேள்வி–பதில்

பள்ளத்தாக்குப் படமோ புல்வெளிப் படமோ ஒன்று அனுப்புங்கள், கூடவே சந்தேகத்தையும் எழுதுங்கள் என்று பெங்களூரு வாசகர்களிடம் கேட்டிருந்தோம். பலருக்கும் பயன்படக்கூடிய ஏழு கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டுக் குடியிருக்கும் பகுதியை மட்டும் போட்டிருக்கிறோம். படத்தைத் திட்டுவதற்கு அதுதான் வசதி.

கேள்வி: மகன் ஃபீனிக்ஸில் வேலை பார்க்கிறான். அவனோடு காலையில் காரில் கிளம்பி கிராண்ட் கேன்யன் போய் வந்தோம். நேரில் பார்த்தபோது வாயடைத்துப் போனேன். படத்திலோ வெயிலில் வெளுத்த காலண்டர் மாதிரி இருக்கிறது. 24 மெகாபிக்சல் கேமரா, 18–55 லென்ஸ், மேதர் பாயின்ட்டில் எடுத்தது. எங்கே தப்பு?
– ஜெயநகர் வாசகர்

பதில்: கேமரா போதும். கடிகாரம்தான் காலை வாரியிருக்கிறது. ஃபீனிக்ஸிலிருந்து தெற்கு விளிம்புக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர். வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் உச்சி வெயிலில்தான் போய் இறங்க முடியும். ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டுமே என்று நாலு மணிக்கே வண்டியை எடுத்துவிடுவார்கள். நல்ல வெளிச்சம் வருகிற நேரத்தில் நெடுஞ்சாலையில் இருப்பீர்கள். உங்கள் ஃபைலில் மதியம் 12.40 என்று பதிவாகியிருக்கிறது. அப்போது சூரியன் தலைக்கு மேல். பாறை மடிப்புகளின் நிழல் அதனதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். நிழல் இல்லாத இடத்தில் கண்ணுக்கு ஆழம் தெரியாது. போதாக்குறைக்கு எதிர் விளிம்பு சராசரியாக 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்துக் காற்றும் தூசியும் நீலத் திரையாகப் படத்தில் விழுகின்றன.

அடுத்த முறை ஒரு ராத்திரி அங்கேயே தங்குங்கள். அது முடியாவிட்டால் மதியம் கிளம்பி, மாலையில் ஹோப்பி பாயின்ட் என்ற காட்சி முனைக்குப் போய்ச் சேருங்கள். மார்ச் முதல் நவம்பர் வரை அங்கே போகும் சாலையில் சொந்த வண்டி விடமாட்டார்கள், பூங்காவின் இலவசப் பேருந்துதான். கடைசி வண்டி நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சூரியன் இறங்குகிற பக்கம் கேமராவை நீட்டிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் உடம்பைக் கால்வட்டம் திருப்பி, வெயில் பக்கவாட்டில் படுகிற பாறைகளைப் பாருங்கள். ஒரு முகம் சிவந்தும் மறு முகம் இருண்டும் நிற்கும் மேடுகள் அடுத்தடுத்து வரும். லென்ஸை 18-இல் வைக்காமல் 55-க்குக் கொண்டுபோய், அப்படி மூன்று அடுக்கு மட்டும் ஃப்ரேமில் வருகிற மாதிரி வெட்டுங்கள். முழுப் பள்ளத்தாக்கையும் ஒரே படத்தில் அடைக்கும் ஆசைதான் பலரையும் கவிழ்க்கிறது.

சிவப்புப் பாறைக்கென்றே இன்னொரு பொறி இருக்கிறது. கேமராத் திரையில் வழக்கமாக வரும் ஒற்றை ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காக நடுவில் நிற்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துக் காட்டுவதைத் திறந்தால் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு கிடக்கும். மாலை வெயிலில் பாறை தரும் ஒளியில் சிவப்பே அதிகம் என்பதால் அந்த சேனல் முதலில் நிரம்பி வழிகிறது. வழிந்த இடத்தில் பாறையின் சொரசொரப்பு அழிந்து, ஆரஞ்சு டிஸ்டெம்பர் அடித்த சுவர் போல ஆகிவிடும். எனவே மூன்று நிற ஹிஸ்டோகிராமை ஆன் செய்யுங்கள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7-இல் வையுங்கள், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள். நிழல் பகுதியைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். வழிந்துபோனது திரும்பாது.

இப்போது கையில் இருக்கும் படத்துக்கு ஒரு வைத்தியம்: மேலே இருக்கும் வெளிறிய வானத்தை முழுதாக வெட்டிவிட்டு, கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். மாற்றும்போது நீலத்தைக் கீழே இறக்கி, ஆரஞ்சையும் சிவப்பையும் ஏற்றினால் புகைத்திரை பாதி விலகும். மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸ் ஸ்லைடர் இருபதைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் பாறை ஓரங்களில் கறுப்பு மை ஒழுகும்.

கேள்வி: அதே அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யனுக்கு வரும் மே மாதம் டிக்கெட் போட்டிருக்கிறோம். முக்காலி கூடாது என்கிறார்கள். போனும் ஒரு சாதாரண மிரர்லெஸ் கேமராவும்தான் இருக்கின்றன. உள்ளே கூட்டம் வேறு. என்ன செய்யலாம்?
– ஒயிட்ஃபீல்டு வாசகி

பதில்: மதிய நேர நுழைவுக்குப் போட்டிருந்தால் நல்லது. மேலே உச்சி வெயிலைக் குறை சொன்னவர்கள் இங்கே மதியம்தான் சரி என்கிறார்களே என்று தோன்றும். ஆன்டிலோப் என்பது திறந்த பள்ளத்தாக்கு அல்ல. மணற்பாறையை வெள்ளம் அறுத்து அறுத்து உண்டாக்கிய ஒடுக்கமான சந்து. சூரியன் தலைக்கு நேரே வந்தால்தான் உள்ளே வெளிச்சம் இறங்கும். மேல் ஆன்டிலோப்பில் கம்பி போல விழும் ஒளிக்கற்றையும் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, நண்பகலை ஒட்டித்தான் தெரியும். பாலைக்குச் சிறுபொழுது நண்பகல் என்று திணை வகுத்தவர்கள் அரிசோனாவைப் பார்த்ததில்லை, ஆனாலும் கணக்கு பொருந்திவிடுகிறது. முதற்பொருள் என்பதே நிலமும் பொழுதும்தான். இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பொழுதை விட்டுவிட்டால் பாதிப் படம்தான் கிடைக்கும்.

ஆன்டிலோப் இருக்கும் பேஜ் ஊர்ப்பக்கம் போனதும் போன் கடிகாரத்தை நம்பாதீர்கள். கோடையில் நவஹோ நிலப்பகுதி ஒரு மணி நேரம் முன்னே ஓடும். அரிசோனாவின் மற்ற பகுதிகள் கடிகாரத்தை மாற்றுவதில்லை. டவரைப் பொறுத்து போன் இரண்டுக்கும் இடையில் தாவும். டிக்கெட்டில் எந்த நேரக் கணக்கு என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை வானத்தைத் துரத்துவது. மேலே கீற்றாகத் தெரியும் வானம் ஃப்ரேமில் சிறிது நுழைந்தாலும் வெள்ளைப் பொத்தலாகி, கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், கேமரா ஆரஞ்சைக் கோளாறு என்று நினைத்து அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். வெயில் குறி, அல்லது 5,200 கெல்வின் அளவில் நிறுத்திவிடுங்கள். அப்போதுதான் நிற வரிசை தெரியும்: நேர் வெயில் படும் மேல் சுவர் மஞ்சள் கலந்த வெள்ளை, அதில் பட்டுத் தெறித்து வரும் இடம் ஆரஞ்சு, இன்னும் கீழே இறங்கினால் அரக்கு, அடியில் ஊதா. நேர் வெயில் துண்டை விட்டுவிட்டு இரண்டாவது, மூன்றாவது தெறிப்பை மட்டும் ஃப்ரேமில் வையுங்கள். லென்ஸ் துவாரம் எஃப் 5.6, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் வேகம் 1/30 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். முழங்கையை விலாவில் ஒட்டி, சுவரில் சாயாமல் நின்று, மூன்று படம் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்றாவது கூர்மையாக இருக்கும். போனில் நைட் மோடை அணையுங்கள். அது நிழலையெல்லாம் வெளுத்து, குகையைக் கல்யாண மண்டபமாக்கிவிடும்.

கூட்டத்துக்கு மருந்து, கேமராவைத் தலைமட்டத்துக்கு மேலே சாய்ப்பது. சுவர் வளைவுகள் அங்கேதான் அழகாக இருக்கின்றன. லென்ஸை உள்ளே கழற்ற வேண்டாம், மேலிருந்து மணல் தூவிக்கொண்டே இருக்கும். வழிகாட்டி வெளியேறச் சொன்னால் படத்தை மறந்துவிட்டு வெளியேறுங்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று எங்கோ தொலைவில் பெய்த மழை, கீழ் ஆன்டிலோப்பில் வெள்ளமாக வந்து 11 பேரைக் கொண்டுபோனது.

கேள்வி: அவ்வளவு தூரம் போக வசதியில்லை, ஆந்திராவின் கண்டிகோட்டை போனேன். போனில் 0.5-இல் எடுத்தேன். பெண்ணாறு ஓடும் அந்தப் பெரிய பள்ளம் படத்தில் வாய்க்கால் மாதிரி இருக்கிறதே?
– அல்சூர் வாசகி

பதில்: 0.5 தான் காரணம். அகலக் கோணம் காலடியில் இருக்கும் கல்லைப் பெரிதாக்கும், எதிர்க்கரையைத் தூரத் தள்ளிச் சிறிதாக்கும். உங்கள் படத்தில் கீழ்ப்பாதி முழுக்க நீங்கள் நின்ற பாறைத் தளம், ஒரு சிப்ஸ் பாக்கெட் உட்பட. பள்ளத்தாக்குக்குக் கிடைத்தது மேலே ஒரு பட்டை.

1-க்கோ 2-க்கோ மாறுங்கள். போனை நிமிர்த்திப் பிடியுங்கள், ஆற்றின் வளைவு கீழ் மூலைக்குச் சற்று உள்ளே தொடங்கி மேலே ஏறட்டும். அளவு புரிய ஓர் ஆள் வேண்டும். ஆனால் விளிம்பில் நிறுத்தாதீர்கள், அங்கே கற்கள் அடுக்கி வைத்த செங்கல் மாதிரி பிளந்து கிடக்கின்றன. விளிம்புக்குப் பத்தடி உள்ளே, அகலமான பலகைப் பாறையில் நிற்கச் சொல்லிவிட்டு, நீங்கள் முப்பது மீட்டர் பின்னே பக்கவாட்டில் போய் 2 அல்லது 3-இல் எடுங்கள். தூரத்திலிருந்து எடுக்கும்போது ஆளும் எதிர்ச் சுவரும் நெருங்கி வந்து, அந்தச் சுவர் எவ்வளவு உயரம் என்பது உடனே உறைக்கும். ஆளின் உயரம் படத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் போதும். தலைக்குப் பின்னால் வெளிச்சமான பாறை வரட்டும். இருட்டு நிழல் வந்தால் கறுப்பு முடியும் நிழலும் ஒன்றாகி, தலையில்லா முண்டம்தான் மிஞ்சும்.

பெங்களூருவிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் என்பதால், சனிக்கிழமை விடியலில் கிளம்புகிறவர்களும் மதியத்தில்தான் போய்ச் சேர்கிறார்கள். ஜெயநகர் வாசகரின் கதையே இங்கும். முந்தின நாளே போய்த் தங்கி, சூரியன் எழுவதற்கு அரை மணி முன் விளிம்பில் இருங்கள்.

கேள்வி: உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கில் எடுத்த படம். எல்லாமே கூர்மையாக வர வேண்டும் என்று எஃப் 22 வைத்தேன். 18 மி.மீ., ஏ.பி.எஸ்.சி. (சற்றுச் சிறிய சென்சார்) கேமரா. முன்னால் இருக்கும் பூ மசமசவென்று இருக்கிறது, பின்னால் இருக்கும் மலை எறும்புப் புற்று மாதிரி தெரிகிறது.
– ராமமூர்த்தி நகர் வாசகர்

பதில்: மூன்று சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

எஃப் 22-இல் துவாரம் அவ்வளவு சிறிதாகிவிடுவதால் ஒளி ஓரத்தில் சிதறி, படம் முழுக்கச் சிறிது மழுங்கும். உங்கள் சென்சாருக்கு எஃப் 8, எஃப் 11 போதும். 18 மி.மீ.-இல் எஃப் 11 வைத்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் முக்கால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். நீங்கள் ஃபோகஸை மலையில் வைத்திருக்கிறீர்கள். முன்பக்கத்து ஆழம் வீணாகிவிட்டது. பூ முக்கால் மீட்டருக்கும் கிட்டே இருந்தால் ஒரே படத்தில் முடியாது. பூவுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று முக்காலியில் இரண்டு எடுத்து இணைக்க வேண்டும். அதற்குக் காற்று நிற்க வேண்டும்.

காற்று இரண்டாவது சிக்கல். உங்கள் ஷட்டர் 1/8 நொடி. பால்சம் பூக்காம்பு சின்னக் காற்றுக்கே தலையாட்டும். மேகமூட்டமான பகலில் எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் 1/30 சுற்றி வரும். ஐ.எஸ்.ஓ.-வை 800-க்கு ஏற்றினால் 1/250 கிடைக்கும், மென்காற்றுக்கு அது போதும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியை மாட்டினால் ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கும் மேல் வெளிச்சம் போய்விடும். இலைகளின் பளபளப்பு குறைய வேண்டுமா, பூ ஆடாமல் இருக்க வேண்டுமா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, கேமராவின் உயரமும் அந்தப் புற்று மலையும். கேமராவை நெஞ்சு உயரத்தில் பிடித்ததால் பூக்களுக்கு இடையில் இருக்கும் சேறும் வெற்றுப் புல்லும் தெரிகின்றன. 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறங்குங்கள். பூக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இருபது செடி இருநூறாகத் தெரியும். ரொம்ப இறங்கினாலும் நடுவெளி மறைந்து, முன்னே பூ, பின்னே மலை என்று இரண்டு துண்டாகப் போய்விடும். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே என்பது நல்ல தொடக்கம். மலை பெரிதாக வேண்டுமென்றால் நாலு அடி பின்வாங்கி 35 மி.மீ.-க்குப் போங்கள். அகலம் போதாவிட்டால் நிமிர்த்திப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு மேற்பொருந்துகிற மாதிரி நாலு படம் எடுத்து இணைக்கலாம்.

அங்கே ராத்திரி தங்க அனுமதி இல்லை. பக்கத்துக் காங்கரியா கிராமத்தில் தங்கிக் காலையில்தான் உள்ளே போக முடியும் என்பதால் விடியல் ஒளிக்கு ஏங்கிப் பயனில்லை. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை பூ அதிகம், மேகமும் அதிகம். பூவின் நிறத்துக்கு அந்த மேகம்தான் நல்லது. வெள்ளை வானத்தை மட்டும் மேலே ஒரு கீற்றுக்கு மேல் விடாதீர்கள்.

கேள்வி: குதிரைமுகம், முள்ளய்யனகிரி பக்கம் மழைக்காலத்தில் எடுக்கும் புல்வெளி எல்லாம் கிளிப்பச்சையாக, பிளாஸ்டிக் மாதிரி வருகிறது.
– பனஸ்வாடி வாசகி

பதில்: போனில் காட்சியை அடையாளம் கண்டு நிறம் கூட்டும் வசதியை முதலில் அணையுங்கள். புல்லின் பச்சையில் பெரும்பகுதி மஞ்சள். எடிட்டிங்கில் பச்சையைத் தொட்டு ஒன்றும் ஆகவில்லை என்று திணறுபவர்கள் மஞ்சள் ஸ்லைடரைப் பார்ப்பதில்லை. மஞ்சளின் செறிவை 15 அளவுக்குக் குறைத்து, அதன் நிறத்தைச் சிறிது ஆரஞ்சுப் பக்கம் தள்ளுங்கள். பச்சையின் செறிவையும் ஒரு 10 குறையுங்கள். மொத்தச் செறிவு ஸ்லைடரைத் தொடாதீர்கள். நனைந்த புல் வானத்தைப் பிரதிபலித்து வெள்ளையாக மின்னும். அதற்குப் போலரைசர்தான் வழி, எடிட்டிங்கில் அதைச் செய்ய முடியாது. 16 மி.மீ. போன்ற அகல லென்ஸில் வானத்தையும் சேர்த்து எடுக்கும்போது போலரைசரை முழுதாகத் திருப்ப வேண்டாம், நீல வானத்தின் நடுவில் மட்டும் இருட்டுத் திட்டு விழும்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் போட்டோ குழுவில் எந்தப் படம் போட்டாலும் ‘சூப்பர் ஜி’, ‘செம’ என்கிறார்கள். உருப்படியாக விமர்சனம் செய்வது எப்படி? குதிரைமுகம் ஏறும் வழியில் இருக்கும் ஒற்றை மரத்தை எடுத்த என் படத்தை வைத்தே சொல்லுங்கள்.
– கே.ஆர்.புரம் வாசகர்

பதில்: சொல்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பார்த்தோம். அந்த அளவில் தெரிந்தது மரம் அல்ல, இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட சிவப்பு மழைக்கோட்டு. பச்சைக்கு நடுவே சிவப்பு எங்கே இருந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். நண்பரை முழுதாக உள்ளே கொண்டுவந்து பாதையில் நடக்கவிட்டிருக்கலாம், அல்லது பத்து நொடி காத்திருந்து அவரைத் தாண்டிப் போகவிட்டிருக்கலாம். ஓரத்தில் பாதி ஆள் என்பது எந்த விதத்திலும் சேராது.

பிறகு தலைகீழாகத் திருப்பினோம். திருப்பினால் மரம், மலை என்ற பெயர்கள் மறந்து, வெறும் பாரங்களாகத் தெரியும். உங்கள் படத்தில் மேலே பாதி வெள்ளை, கீழே பாதி பச்சை. கோடு சரியாக நடுவில். அந்த வெள்ளை வானத்தில் பார்க்க எதுவும் இல்லை, அதற்குப் பாதி இடம் கொடுத்தது தாராளம். ஐந்தில் ஒரு பங்கு போதும்.

மூன்றாவதாக மரத்தின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனோம். வலப்பக்கக் கிளை பின்னால் இருக்கும் மலைச்சரிவோடு ஒட்டிக்கொள்கிறது, இரண்டுக்கும் ஒரே பச்சை. ஒற்றை மரம் ஒற்றையாக நிற்க வேண்டுமானால் அதைச் சுற்றிக் காற்று வேண்டும். இடது பக்கம் நாலைந்து அடி நகர்ந்து, கொஞ்சம் குனிந்திருந்தால் கிளை வானத்துக்கு வந்திருக்கும். பொறுமை இருந்தால் மூடுபனி மலைக்கும் மரத்துக்கும் நடுவில் புகும்வரை நிற்கலாம். மழைக்காலத்தில் அங்கே அதற்கு அதிக நேரம் ஆகாது.

நன்றாக இருப்பதையும் சொல்ல வேண்டும்: பாதை கீழ் வலது மூலையை நேரே தொடாமல், சற்றுத் தள்ளி நுழைந்து மரத்தடியில் போய் முடிகிறது. அதைத் தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, மாற்றாதீர்கள்.

குழுவுக்கு ஒரு விதி போடுங்கள். கருத்துச் சொல்பவர் படத்தில் எந்த இடம், அங்கே கண்ணுக்கு என்ன ஆகிறது, என்ன செய்திருக்கலாம் என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். ‘கம்போசிஷன் சரியில்லை’ என்பதும் ‘சூப்பர் ஜி’ வகைதான்.

கேள்வி: வார இறுதியில் வெளியூர் போக முடியாது. நகரத்துக்குள்ளேயே பழக இடம் உண்டா? எடுத்ததை 12க்கு 18 அங்குலம் பிரின்ட் போட எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?
– லிங்கராஜபுரம் வாசகர்

பதில்: பிரின்ட்டை முதலில் முடித்துவிடுவோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3,600க்கு 5,400, அதாவது 19 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். 240 புள்ளியில் 12 மெகாபிக்சல் சொச்சம் போதும், சுவரில் மாட்டி நாலடி தள்ளிப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பிரின்ட் இருட்டாக வருகிறதென்று ஸ்டூடியோக்காரரிடம் சண்டை போடும் முன், உங்கள் திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் படத்தைப் பாருங்கள். எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற அமைப்பில் ஃபைலைக் கொடுங்கள்.

இடம்: லால்பாக் பாறை. கெம்பேகவுடா கோபுரம் நிற்கிறதே, அந்தப் பாறைதான். ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையான நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறை வகை, தேசியப் புவியியல் சின்னம். வெள்ளையும் கறுப்புமாக அதில் ஓடும் வரிகள் பள்ளத்தாக்குச் சுவரின் அடுக்குகளுக்கு நல்ல ஒத்திகை. கோபுரம் வேண்டாம், கட்டடங்கள் வேண்டாம், வானம் வேண்டாம் என்று வைத்துக்கொண்டு, 50 மி.மீ. லென்ஸில் இருபது படம் எடுங்கள். சூரியன் தாழ்வாக இருக்கும் முதல் அரை மணியில் பத்து, ஒன்பது மணிக்கு அதே இடங்களில் பத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புல்வெளிக்கு ஹெசரகட்டா பக்கம் போகலாம், அங்கே படமெடுக்க இப்போது என்ன விதி என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். லால்பாக் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. முக்காலி கொண்டு போவதாக இருந்தால் வாயிலிலேயே கேட்டுவிடுங்கள், பாறை மேலே ஏறிய பிறகு காவலாளி வந்து இறக்கிவிட்டால் அந்த அரை மணி போய்விடும்.